முதல் வருஷம் படிவம் தேவையில்லை என்பவர்களுக்கு

கனடாவில் வந்து இறங்கிய முதல் கிழமையிலேயே காதில் விழும் புத்திமதி இது: "உழைப்பே இல்லை, பிறகென்ன வரி? ரெண்டு வருஷம் போகட்டும், காலூன்றின பிறகு பார்க்கலாம்." ஸ்காபரோவில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடக்கும் இலவச வரி முகாம் ஒன்றில் நான் தொண்டராக உட்காருகிறேன். இந்தப் புத்திமதியை நம்பி இழந்தவர் ஒருவராவது வராத சனிக்கிழமை எனக்கு நினைவில்லை. சொல்கிறவர்கள் கெட்டவர்களும் அல்லர். விமான நிலையத்துக்கு வந்து ஏற்றிப் போனவர்கள், குளிர் உடுப்பு வாங்கிக் கொடுத்தவர்கள். அதனால்தான் அவர்கள் சொல்வதை எவரும் மறுத்துக் கேட்பதில்லை.

அந்த முதல் வாதத்தையே எடுப்போம். ஒரு குடும்பத்திடம் எவ்வளவு வாங்குவது என்பதற்கு மட்டுமன்றி, எவ்வளவு கொடுப்பது என்பதற்கும் அரசு பார்ப்பது அதே வரிப் படிவத்தைத்தான். 2025 யூலை முதல் 2026 யூன் வரையான குழந்தைகள் நலக் கொடுப்பனவு, 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஆண்டுக்கு 7,997 டொலர் வரை. 6 முதல் 17 வயது வரை 6,748 டொலர் வரை. வருமானம் குறையக் குறையத் தொகை கூடும். ஆனால் கணவன், மனைவி இருவரும் ஆண்டுதோறும் படிவம் அனுப்பியிருக்க வேண்டும், ஒருவருக்கு ஒரு சதமும் வருமானம் இல்லாவிட்டாலும்.

இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவர் முகாமுக்கு வந்தார். 2024 ஒக்ரோபரில் வந்த குடும்பம். வந்தவுடன் விண்ணப்பம் போட்டார்கள், மாதாமாதம் காசும் வந்தது. 2024க்குப் படிவம் தேவையில்லை என்று யாரோ சொல்ல, விட்டுவிட்டார்கள். அடுத்த யூலையில் காசு நின்றது. "ஏதோ பிழைவிட்டோம், கேட்டால் திருப்பிக் கட்டச் சொல்லுவினம் எண்டு பயந்து கேட்கேல்லை அக்கா" என்றார். அவர்கள் செய்த பிழை ஒன்றே ஒன்று: அனுப்பாமல் விட்டது. பால்மாவுக்கும் வாடகைக்கும் போக வேண்டிய காசு அத்தனை மாதம் வராமல் கிடந்தது.

பெற்றோரைக் கூப்பிடும் ஆசை இல்லாத வீடு எது? பெற்றோரை அழைக்கும் திட்டத்தில் பொறுப்பு நிற்பவர், முந்தைய 3 வரி ஆண்டுகளின் வருமானத்தைக் கனடா வருமான முகவரகத்தின் மதிப்பீட்டு அறிவித்தலால் காட்ட வேண்டும். வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கியும் அதே தாளைக் கேட்கும். காலூன்றின பிறகு பார்க்கலாம் என்பவர்களே, அந்தத் தாள் இல்லாமல் எதில் காலூன்றுவது?

இரண்டாவது வாதம் ஊர்ச் சொத்தைப் பற்றியது. "யாழ்ப்பாணத்துக் காணியும் கொழும்பு வீட்டு வாடகையும் கனடாவுக்கு என்னத்துக்கு?" கொண்டு வந்த சேமிப்புக்கு இங்கே வருமான வரி இல்லை என்பது உண்மை. ஆனால் இங்கே குடியிருக்கத் தொடங்கிய நாளிலிருந்து, உலகின் எந்த மூலையில் வரும் வருமானத்தையும் படிவத்தில் காட்ட வேண்டும். கொழும்பில் வரும் வாடகையும் அதில் சேரும். வெளிநாட்டில் வாழும் இந்தியர் வைத்திருக்கும் என்.ஆர்.இ. வங்கிக் கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. அதே வட்டிக்குக் கனடாவில் வரி உண்டு. அங்கே ஏற்கெனவே வரி கட்டியிருந்தால் அதைப் பொதுவாக இங்கே கழிக்கலாம். இந்தியாவோடும் இலங்கையோடும் கனடாவுக்கு வரி ஒப்பந்தங்கள் இருக்கின்றன.

இந்த இடத்தில் மறைப்பவர்தான் நட்டப்படுகிறார். நீங்கள் கனடாவில் குடியேறிய நாளில் உங்கள் காணிக்கு என்ன சந்தை விலையோ, அந்த விலைக்கு அன்றுதான் வாங்கினீர்கள் என்று கனடாச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அப்பா சொற்ப காசுக்கு வாங்கிய காணி உங்கள் பெயரில் இருந்து, நீங்கள் வந்த நாளில் 80,000 டொலர் பெறுமதி என்று வையுங்கள். பத்து வருஷம் கழித்து 1,10,000க்கு விற்றால் இலாபம் 30,000 மட்டுமே. அதிலும் பாதியே வருமானத்தில் சேரும். ஆனால் அந்த 80,000ஐ நிரூபிக்க ஒரு கடதாசி வேண்டும். வந்த வருஷமே ஊரில் ஒரு மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். பத்து வருஷத்துக்குப் பிறகு அலைவது பெரும்பாடு. வாடகைக்கு விட்ட வீடு, வங்கி வைப்பு போன்ற வெளிநாட்டுச் சொத்தின் கொள்விலை மொத்தம் 1 இலட்சம் டொலரைத் தாண்டினால் ரி1135 என்ற படிவமும் உண்டு. குடியேறிய முதல் ஆண்டுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு.

"ஓவர்டைம் செய்தால் மேல் படிக்குப் போய்ச் சம்பளமே குறைந்துவிடும்" என்பது கணக்குத் தெரியாத பேச்சு. 2024இல் கூட்டாட்சி வரி முதல் 55,867 டொலருக்கு 15 வீதம், அதற்கு மேலே 20.5 வீதம். எல்லையைத் தாண்டி 1,000 டொலர் கூடுதலாக உழைத்தால், அந்த ஆயிரத்துக்கு மட்டும் 150க்குப் பதில் 205. உழைத்ததில் மிச்சம் உங்கள் கைக்குத்தான் வரும்.

கைக்காசு வேலைதான் எனக்குக் கோபம் தருவது. "வரி பிடிக்காமல் முழுசாகத் தருவார்" என்று முதலாளியைப் புகழ்கிறார்கள். அவர் உங்கள் பெயரில் ஓய்வூதியத்துக்குப் போட வேண்டிய பங்கைப் போடவில்லை. வேலை போனால் காப்புறுதி கேட்க உங்கள் மணித்தியாலங்கள் எங்கும் பதிவில் இல்லை. பிள்ளைப்பேற்று விடுப்புக்கான காசும் அந்தப் பதிவிலிருந்துதான் வருகிறது. முழுசாகத் தந்ததாகச் சொல்லும் முதலாளி, தன் செலவைக் குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான். வாங்கியவர் அதையும் வருமானமாகக் காட்டச் சட்டப்படி கடமைப்பட்டவர்.

ரி.எஃப்.எஸ்.ஏ. என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் "எல்லாருக்கும் ஒரு இலட்சத்துக்கு மேல் இடம் இருக்கு" என்பது 2009இலிருந்து இங்கே வசித்த பெரியவர்களுக்குச் சரி. 2025இல் வந்தவருக்கு அந்த ஆண்டில் இருந்த இடம் 7,000 டொலர். அவர் 30,000 போட்டிருந்தால், மிகையான 23,000க்கு மாதம் 1 வீதம், அதாவது 230 டொலர் தண்ட வரி.

"அவரிடம் போ, பெரிய ரீஃபண்ட் எடுத்துத் தருவார்" என்பதையும் கேட்டிருப்பீர்கள். ரீஃபண்ட் என்பது பெரும்பாலும் உங்கள் சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்த உங்கள் காசு. கொடுக்காத நன்கொடைக்குப் பற்றுச்சீட்டு வைத்து அதைப் பெருக்குபவர் நாளை தொலைபேசி எடுக்கமாட்டார். படிவத்துக்குப் பொறுப்பாளி நீங்கள்.

பெரும்பாலானவர்களுக்குப் படிவத்தின் கடைசி நாள் ஏப்ரல் 30. வருமானம் குறைந்தவர்களுக்கு முகாம்களில் இலவசமாகவே செய்து தருகிறோம். முதல் வருஷத்துப் படிவம் விட்டுப்போயிருந்தால் அதை இன்றைக்கும் அனுப்பலாம். வரி பாக்கி இல்லாதவருக்குப் பிந்தி அனுப்பியதற்கான தண்டமும் இல்லை.