குற்றம் வண்டியிலா, வாங்கியவனிடமா?

சென்ற மாதம் புதுக்கோட்டையில் நமது காரியாலயத்துக்கு ஆலங்குடி வட்டாரத்திலிருந்து ஒரு டிரைவர் வந்தார். கையில் ஒரு துணிப்பை. பை நிறையக் காகிதங்கள். பதினெட்டு வருஷமாகப் பிறத்தியார் வண்டியை ஓட்டியவர். மனைவியின் நகைகளை அடகு வைத்து, மீதிக்குத் தனியார் நிதிக் கம்பெனியில் கடன் வாங்கி, சொந்தமாக ஒரு புதுக் கார் எடுத்தார். மஞ்சள் போர்டு மாட்டி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தார்.

மூன்றாவது வாரம், ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு திருச்சிக்குப் போகும்போது கீரனூர் தாண்டியதும் எஞ்சின் கொதித்து வண்டி நின்றது. நோயாளியைக் கைத்தாங்கலாக இறக்கிப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். அன்று தொடங்கிய அலைச்சல் இன்னும் ஓயவில்லை. ஷோரூம் ஒர்க்ஷாப்புக்கு ஆறு தடவை வண்டியைக் கொண்டுபோனார். ஒரு தடவை கூலண்ட் மாற்றினார்கள். மறு தடவை சென்சார் மாற்றினார்கள். அதன் பிறகு, "வண்டி நார்மல்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்பினார்கள். ஆறாவது தடவை, "அண்ணே, நீங்க ஓட்டுற விதம் சரியில்லை" என்றார்கள்.

"பதினெட்டு வருஷம் சரியா ஓட்டினவன், சொந்த வண்டி எடுத்ததும் ஓட்ட மறந்துட்டேனா தோழர்?" என்று அவர் நம்மைக் கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மௌனமாக இருக்கிறார்கள். டீலரைக் கேட்டால், "கம்பெனிதான் முடிவு செய்ய வேண்டும்" என்கிறார். கம்பெனிக்கு எழுதினால், "தங்கள் டீலரை அணுகவும்" என்று பதில் வருகிறது. நிதிக் கம்பெனி மட்டும் யாரையும் கைகாட்டுவதில்லை. மாதம் பிறந்தால் தவணை கேட்டு நிற்கிறது. வண்டி ஒர்க்ஷாப்பில் நின்ற நாட்களுக்கும் வட்டி ஓடுகிறது!

கார் விஷயத்தை உழைப்பாளி மக்களின் பத்திரிகை ஏன் எழுத வேண்டும், அது பணக்காரர் பிரச்னை அல்லவா என்று சிலர் கேட்கலாம். அவர்கள் அறந்தாங்கி, திருமயம், பொன்னமராவதி டாக்சி ஸ்டாண்டுகளுக்குப் போய்ப் பார்க்கட்டும். அங்கே நிற்கும் வண்டிகளில் பல, சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வருஷக்கணக்கில் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கியவை. அல்லது நிலத்தையும் நகையையும் வைத்து வாங்கியவை. இவர்களுக்குக் கார் சொகுசுப் பொருள் அல்ல. தச்சனுக்கு உளி எப்படியோ, இவர்களுக்குக் கார் அப்படி. உளி முதல் நாளே முறிந்தால் தச்சன் பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1986-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு முன்னால், இப்படி ஏமாந்தவருக்கு 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டமும் சிவில் கோர்ட்டும்தான் கதி. 1986 சட்டம் எளிய வழி ஒன்றைத் திறந்தது. 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்த 2019-ஆம் வருஷத்துச் சட்டம் அதை இன்னும் கொஞ்சம் அகலப்படுத்தியது. கார் எங்கே வாங்கியிருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் ஜில்லாவிலேயே வழக்குப் போடலாம். திருச்சியில் வாங்கிய காருக்குப் புதுக்கோட்டை ஜில்லா நுகர்வோர் கமிஷனில் முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். 20 லட்சம் வரை 400 ரூபாய். பழுதை நீக்கவும், வேறு புதுப் பொருள் கொடுக்கவும், விலையைத் திருப்பித் தரவும், நஷ்டஈடு வழங்கவும் உத்தரவிடக் கமிஷனுக்கு அதிகாரம் உண்டு.

வாடகைக்கு ஓட்டுபவர் வியாபாரி, நுகர்வோர் அல்ல என்று கம்பெனி வக்கீல்கள் வாதிடுவது வழக்கம். அந்த வாதத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். தன் பிழைப்புக்காகத் தானே ஓட்டும் டிரைவர் நுகர்வோர்தான் என்பது, கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் 1995-இல் சுப்ரீம் கோர்ட் விளக்கிய நியாயம். இன்றைய சட்டமும் சுயவேலைப் பிழைப்புக்கு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது.

இவ்வளவும் இருந்தும் டிரைவர் ஏன் தோற்கிறார்? முடிச்சு வேறு இடத்தில் இருக்கிறது. வண்டியில் பிறவிக் கோளாறு, அதாவது தயாரிப்பிலேயே குறை இருக்கிறது என்பதை வாங்கியவர்தான் நிரூபிக்க வேண்டும்! வரைபடங்கள் கம்பெனியிடம் இருக்கின்றன. பரிசோதனைக் கருவிகள் டீலரிடம் இருக்கின்றன. இதே மாடலில் எத்தனை வண்டிகள் இதே கோளாறோடு திரும்பி வந்தன என்ற கணக்கும் அவர்களிடமே இருக்கிறது. கையில் ஒன்றும் இல்லாதவரைப் பார்த்து, "அத்தாட்சி கொண்டு வா" என்கிறார்கள். இது என்ன நியாயம்?

சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்புகளும் ஒரே பாதையில் போகவில்லை. பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் வழக்கில், 2004-இல், கோளாறான காரைப் புத்தம் புதுக் கார் என்று விற்கப் பார்த்தது வெட்கக்கேடு என்று கண்டித்தது. இரண்டே வருஷத்தில், 2006-இல், மாருதி உத்யோக் வழக்கில் வேறு விதமாகச் சொன்னது. வாரண்டிப் பத்திரத்தில் பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் எழுதியிருக்கிறது, முழுக் காரையும் மாற்றித் தருவதாக எழுதவில்லை என்று கூறி, புதுக் கார் கொடுக்கும்படி போட்ட உத்தரவை ரத்து செய்தது. அந்தப் பத்திரத்தை எழுதியது யார்? கம்பெனி. அதில் ஒரு எழுத்தையாவது மாற்ற வாங்குபவருக்கு உரிமை உண்டா? இல்லை. இப்படிப்பட்ட ஒருதலை ஒப்பந்தத்தை எதிர்த்து முறையிட 2019 சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அதை ஜில்லா கமிஷன் விசாரிக்க முடியாது. மாநிலக் கமிஷனுக்குப் போக வேண்டும். தவணை கட்ட முடியாதவர் அதற்கும் அலைய வேண்டுமாம்!

2021-இல் டாடா மோட்டார்ஸ் வழக்கு வந்தது. கோவாவில் ஒருவர் 2011 மாடல் காருக்குப் பணம் கட்டினார். டீலர் 2009 மாடல் காரைத் தலையில் கட்டினார். கம்பெனிக்கும் டீலருக்கும் உள்ள உறவு விற்பவர்-வாங்குபவர் உறவுதான், டீலர் செய்த மோசடி கம்பெனிக்குத் தெரியும் என்று காட்டாதபோது கம்பெனி பொறுப்பாகாது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஷோரூம் வாசலில் கம்பெனியின் பெயர்ப் பலகை. கம்பெனியின் பெயரைச் சொல்லித்தான் விற்பனை. பொறுப்பு என்று வரும்போது மட்டும் இருவரும் வேறு வேறு ஆள்!

அடுத்த வருஷம் ஒரு நல்ல தீர்ப்பும் வந்தது. ஹூண்டாய் கம்பெனியின் கார் ஒன்று 2017-இல் டெல்லி-பானிப்பட் நெடுஞ்சாலையில் விபத்துக்கு உள்ளானது. உயிரைக் காக்க வேண்டிய காற்றுப்பை விரியவில்லை. மோதலின் வேகம் போதவில்லை என்று கம்பெனி வாதாடியது. வேகத்தையும் விசையையும் கணக்குப் போட்டுப் பார்க்க வாங்குபவர் பௌதிக நிபுணர் அல்ல என்று சுப்ரீம் கோர்ட் 2022-இல் பதில் சொல்லி, காரை மாற்றித் தரும் உத்தரவையும் நஷ்டஈட்டையும் உறுதி செய்தது. இந்த நியாயத்தைத்தான் நாம் எல்லா வண்டிக்கும் கேட்கிறோம். எஞ்சின் ஏன் கொதிக்கிறது என்று சொல்ல ஆலங்குடி டிரைவரும் நிபுணர் அல்ல. கொதிக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஏன் என்று சொல்ல வேண்டியது செய்தவன் கடமை.

2019 சட்டத்தில் பொருள் பொறுப்பு என்று தனி அத்தியாயமே சேர்த்திருக்கிறோம் என்று மத்திய சர்க்கார் தரப்பில் பெருமை பேசுவார்கள். அந்த அத்தியாயத்தைப் படித்துப் பார்த்தால் உண்மை விளங்கும். பொருளின் குறையால் ஆளுக்குக் காயமோ வேறு உடைமைக்குச் சேதமோ ஏற்பட்டால்தான் அது உதவும். பொருளே பாழாய்ப் போவது அதன் கணக்கில் "தீங்கு" ஆகாது. வருமான நஷ்டமும் ஆகாது. வண்டி கவிழ்ந்து கை கால் ஒடிந்தால் ஒரு வழி. வண்டி ஓடாமல் குடும்பம் பட்டினி கிடந்தால் பழைய வழிதான்.

பிற நாடுகளில் என்ன செய்திருக்கிறார்கள்? அமெரிக்கா முதலாளிகளின் கோட்டை. அங்கேயே கனெக்டிகட் மாநிலம் 1982-இல் ஒரு சட்டம் செய்தது. ஒரே கோளாறை நான்கு தடவை பார்த்தும் தீரவில்லை என்றாலோ, வண்டி மொத்தம் 30 நாள் ஒர்க்ஷாப்பில் கிடந்தாலோ, குறையைத் தீர்க்கக் கம்பெனிக்குப் போதிய வாய்ப்புக் கொடுத்தாகிவிட்டது என்று அந்தச் சட்டம் கொள்கிறது. அதன்பின் காரை மாற்ற வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். நமது ஜில்லாப் பிள்ளைகள் கூலிக்குப் போகும் சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் இன்னொரு விதி இருக்கிறது. பொருளைக் கொடுத்த 6 மாதத்துக்குள் தெரியும் குறை, கொடுக்கும்போதே இருந்த குறை என்று கொள்ளப்படும். இல்லை என்று சொல்பவர் விற்றவரானால், அதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். இந்த இரண்டு விதிகளும் நமது நாட்டுச் சட்டத்தில் இல்லை.

இருக்கும் சட்டமாவது ஒழுங்காக நடக்கிறதா? பரிசோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படும் வழக்கை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் கமிஷன்களில் தலைவர், உறுப்பினர் பதவிகளைச் சர்க்கார்கள் காலியாகவே வைத்திருந்ததைப் பார்த்து 2021-இல் சுப்ரீம் கோர்ட் தானாகவே விசாரணைக்கு எடுக்க நேர்ந்தது. நீதிபதி இல்லாத கமிஷனில் 5 மாதக் கெடு யாருக்குப் பொருந்தும்? நீண்ட வழக்கைத் தாங்கும் சக்தி வசதி படைத்தவருக்கு உண்டு. 2009-இல் வாங்கிய ஒரு பி.எம்.டபிள்யூ. காரின் கோளாறு பற்றிய தகராறு 2024-இல்தான், கம்பெனி 50 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி சுப்ரீம் கோர்ட் சொல்லி முடிந்தது. அதை வாங்கியது ஒரு கம்பெனி; அதனால் 15 வருஷம் காத்திருக்க முடிந்தது. நமது டிரைவரால் 15 வாரம் காத்திருக்க முடியுமா?

ஆகவே நாம் கோருவது இது. முதலாவதாக, வண்டி கைக்கு வந்த 6 மாதத்துக்குள் தோன்றும் கோளாறு பிறவிக் கோளாறே என்று சட்டம் கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டும் பாரம் கம்பெனியுடையது. இரண்டாவதாக, எத்தனை தடவை ரிப்பேர், எத்தனை நாள் முடக்கம் என்பதற்கு வரம்பு கட்டி, அதைத் தாண்டினால் காரை மாற்றவோ பணத்தைத் திருப்பவோ கட்டாயப்படுத்த வேண்டும். மூன்றாவதாக, கம்பெனியும் டீலரும் சேர்ந்து பொறுப்பாக வேண்டும். நான்காவதாக, ஜில்லா கமிஷன்களில் பதவி காலியாகும் முன்பே ஆளை நியமிக்க வேண்டும்.

சட்டம் மாறும் வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஒர்க்ஷாப்புக்கு வண்டியை விடும் ஒவ்வொரு தடவையும் கோளாறை ஜாப் கார்டில் எழுதச் செய்து நகல் வாங்குங்கள். திருப்தி என்று எழுதிய காகிதத்தில், திருப்தி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். வழக்கில் டீலர், கம்பெனி இருவரையும் சேருங்கள். நிபுணர் பரிசோதனை கோருங்கள். 2 வருஷக் கெடுவைத் தவறவிடாதீர்கள். தீர்ப்பை எதிர்த்துக் கம்பெனி அப்பீல் போனால், உத்தரவான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள். கோபத்தில் தவணையை நிறுத்திவிட வேண்டாம். நிதிக் கம்பெனி வண்டியைத் தூக்கிப் போனால் அத்தாட்சியும் அதோடு போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒர்க்ஷாப் மெக்கானிக்கோடு சண்டை போடாதீர்கள். "வண்டி நார்மல்" என்று எழுதச் சொல்பவர் அவருக்கு மேலே இருக்கிறார். அவரும் கூலிக்கு உழைப்பவர்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாகப் போகாதீர்கள். ஒரே குறை உள்ள பலர் கமிஷனின் அனுமதியோடு சேர்ந்து வழக்குப் போடச் சட்டத்தில் இடம் உண்டு. 2021 ஏப்ரல் முதல், ஒரு மாடலைப் பற்றிக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார்கள் சேர்ந்தால் வண்டிகளைத் திரும்பப் பெறும்படி மத்திய சர்க்கார் உத்தரவிடவும் விதி உண்டு. எண்ணிக்கைதான் அங்கே பேசும். எண்ணிக்கையைச் சேர்ப்பது சங்கத்தின் வேலை.

ஆலங்குடி டிரைவரின் முறையீடு தயாராகிவிட்டது. அவர் ஸ்டாண்டில் விசாரித்ததில், அதே மாடல், அதே கோளாறு உள்ள இன்னும் இரண்டு பேர் அகப்பட்டிருக்கிறார்கள். அந்த இருவரும் ஓட்ட மறந்துவிட்டார்களா என்பதைக் கம்பெனி கமிஷன் முன்னால் வந்து சொல்லட்டும். ஜில்லாவிலுள்ள டிரைவர் சங்கத் தோழர்கள் அவரவர் ஸ்டாண்டில் இதே விசாரணையை இந்த வாரமே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.