வரி மிச்சம் என்று பயமுறுத்தாதீர்கள்

மார்ச் மாதம் வந்தால் போதும், நம் வயதுக்காரர்கள் எல்லோரும் வருமான வரி ஆலோசகர்கள் ஆகிவிடுகிறோம். கடற்கரைச் சாலையில் நடக்கும்போதும் இதே பேச்சுதான். "பேத்திக்கு வேலை கிடைத்துவிட்டது. உடனே ஒரு பாலிசி எடு, பி.பி.எஃப்.பில் முடிந்த மட்டும் போடு, வரி மிச்சமாகும் என்று சொல்லிவிட்டேன்" என்கிறார்கள். எவ்வளவு வரி மிச்சமாகும் என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது.

கணக்கைப் பார்ப்போம். சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் மாதம் 30,000 ரூபாய் வாங்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 3,60,000. புதிய வரி முறையில் 2025-26 முதல் சம்பளக்காரருக்கு 12,75,000 வரை வரியே கிடையாது. பழைய முறையில் பார்த்தாலும் அவளுக்கு வரி பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து எதை மிச்சம் பிடிப்பது? அதோடு, நாம் சொல்லிச் சொல்லிப் பழகிய ஒன்றரை லட்ச ரூபாய்க் கழிவு புதிய முறையில் இல்லவே இல்லை.

வராத வரிக்குப் பயந்து அவள் பணத்தைப் பூட்டி வைக்கிறாள். பி.பி.எஃப். 15 வருஷக் கணக்கு. ஏழாவது நிதியாண்டில்தான் ஒரு பகுதியை எடுக்க முடியும். நடுவில் வேலை போனால், வீட்டில் யாராவது படுத்துவிட்டால், நகையை அடகு வைக்கத்தான் ஓட வேண்டும். 7.1 சதவீதம் சம்பாதிக்கும் பணம் தூங்க, அதைவிட அதிக வட்டிக்குக் கடன்!

இதற்கு நேர் எதிரான கூட்டமும் இருக்கிறது. "கழிவுதான் போயிற்றே, இனி பி.எஃப். எதற்கு? வேலை மாறும்போது எடுத்து மியூச்சுவல் ஃபண்டில் போடு" என்று கைப்பேசியில் உபதேசம் செய்கிறார்கள். இதுவும் தவறு. தொழிலாளி 12 சதவீதம் போட்டால் முதலாளியும் 12 சதவீதம் போடுகிறார். அவர் பங்கிலிருந்து ஒரு பகுதி ஓய்வூதியத்துக்குப் போகிறது. அதில் மாத ஓய்வூதியம் வேண்டுமென்றால் பத்து வருஷச் சேவை வேண்டும். வேலை மாறும்போதெல்லாம் அந்தப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால், உழைத்த வருஷங்கள் கணக்கிலிருந்து போய்விடும்.

இரண்டு கூட்டமும் வரியிலிருந்து ஆரம்பிக்கிறது. ஆரம்பிக்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் பணம் எப்போது தேவைப்படும்?

ஆறு மாதச் செலவுக்கான பணம் நினைத்தவுடன் எடுக்கக்கூடிய இடத்தில் இருக்கட்டும், வங்கி வட்டி குறைவானாலும் சரி. பி.எஃப்.பை அறுபது வயதுவரை தொடக்கூடாது. அதற்கு மேல் மிஞ்சுவதைப் பூட்டில்லாத பங்கு நிதியில் மாதாமாதம் போடலாம். ஏறும், இறங்கும், பத்து வருஷம் பொறுக்க முடிந்தவருக்குத்தான் அது. வரி என்று அலறுகிறோமே, ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு நிதியில் வருஷத்துக்கு 1,25,000 ரூபாய் லாபம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். இதற்கா இவ்வளவு பயம்? பி.பி.எஃப். மோசம் என்று நான் சொல்லவில்லை. பி.எஃப். இல்லாத கடைக்காரருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் அது நல்ல துணை. கடன்காரர் கோர்ட்டுக்குப் போனாலும் அந்தப் பணத்தை ஜப்தி செய்ய முடியாது.

நமக்கு இது ஏன் புரிவதில்லை? மாதம் பிறந்தால் நம் கணக்கில் ஓய்வூதியம் விழுகிறது. ஊரில் பழைய சொல்தாக்களின் வீடுகளுக்குப் பிரான்சிலிருந்தே வருகிறது. முதுமைக்கு யாரோ ஏற்பாடு செய்துவிட்டதால், சேமிப்பு என்றால் நமக்கு வரிக்கழிவு மட்டும்தான். 1-1-2004க்குப் பிறகு மத்திய அரசு வேலையில் சேர்ந்தவருக்கே அந்தப் பழைய ஓய்வூதியம் கிடையாது. தனியார் கம்பெனிப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஆகவே இந்த மார்ச்சில் ஏஜெண்டை வீட்டுக்கு வரவழைக்க வேண்டாம். பேத்தியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: முந்தைய கம்பெனியின் பி.எஃப். பணம் புதிய கணக்குக்கு மாறிவிட்டதா? மாறவில்லையென்றால் அந்த வேலையை முதலில் முடிக்கச் சொல்லுங்கள்.