உழைக்கும் முதுபொறிகள்

கச்சி நகர்க்குத் தெற்கே பாலாற்றைக் கடந்து செல்வார்க்கு ஏரிப்பாசன வயல்கள் இருமருங்கும் தோன்றும். சென்ற பொங்கல் விடுமுறையில், நவரை நடவுக்கு நிலம் திருத்தும் நாளொன்றில், அவ்வயல்களுள் ஒன்றில் முதிய டிராக்டர் ஒன்று சேற்றுழவு செய்யக் கண்டோம். மாஸ்ஸி பெர்குசன் 1035 என்னும் வகையினது அது. சிவப்பு வண்ணம் ஆங்காங்கே திட்டுத்திட்டாய் எஞ்சியிருந்தது. பின்சக்கரங்களின் புறத்தே கூண்டு போன்ற இரும்புச் சக்கரங்களைப் பூட்டிக்கொண்டு, முழங்காலளவு சேற்றில் அது முழங்கிச் சென்ற காட்சியை ஒரு நாழிகைக்கு மேலாக வரப்பில் நின்று நோக்கினோம். அடுத்த வயலில் புத்தம் புதிய வண்டியொன்றும் உழுதுகொண்டிருந்தது. அதனை ஏறிட்டும் பார்த்திலோம். இஃது ஏன் என்னும் வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

பழமை ஒன்றே காரணம் என்பார் கூற்று எமக்கு உடன்பாடன்று. கண்காட்சிச் சாலையில் வண்ணம் பூசி நிறுத்திய பொறியின்முன் நாம் எத்துணை நேரம் நிற்கின்றோம்? பெயர்ப்பலகையைப் படித்து முடித்ததும் கால்கள் தாமே நகர்கின்றன. உழைக்கும் பொறியோ தன் அறிவைக் கண்முன்னே விரித்துக் காட்டுகின்றது. 1917 முதல் ஹென்றி போர்டு பெருந்தொகையாகச் செய்தளித்த போர்ட்சன் டிராக்டர்கள், கலப்பை கல்லிலோ வேரிலோ சிக்குண்டால் முன்புறம் எழும்பிப் பின்னே கவிழ்ந்து ஓட்டுவோரைக் கொன்றதுண்டு. ஹாரி பெர்குசன் என்பார் வகுத்த மும்முனை இணைப்பு அவ்விடரைப் பெரிதும் குறைத்தது. அன்றியும், மண்ணைக் கிழிக்குங்கால் எழும் எதிர்விசையையே பின்சக்கரங்களை அழுத்தும் பாரமாக மாற்றிச் சிறு வண்டிக்கும் பேருழவு செய்யும் வலிமையை அளித்தது. 1960இல் சென்னையில் தோன்றிய டாபே நிறுவனத்தின் இவ்வண்டியிலும் அவ்விணைப்பே உள்ளது. மூன்று சிலிண்டர் எஞ்சின், நெம்புகோல், இணைப்புத் தண்டு யாவும் வெளிப்படை. இன்ன உறுப்பு இன்னது செய்கின்றது என்பதை இலக்கணம் பயிலும் யாமும் ஒரு பகலில் உணர்ந்துகொண்டோம். (தொல்காப்பியத்துக்கு இன்னும் அவ்வளவு விரைவு கைகூடவில்லை.)

இனி, உருவத்தால் இதனைப் பேருரு என்றல் நகைப்புக்கிடமாகும். அமெரிக்க நாட்டு மாண்டானாவில் 1977இல் செய்யப்பட்ட பிக் பட் 747 என்னும் டிராக்டரின்முன் இது கன்றுக்குட்டி. அதன் எஞ்சினில் 16 சிலிண்டர்கள். சக்கரமொன்றின் உயரமே ஏறத்தாழ 8 அடி. அத்தகைய டயர் செய்வார் இல்லாதொழிந்தமையால் அஃது உழவை விட்டுக் காட்சிப்பொருளாய்ப் பல்லாண்டு நின்றது. அண்மையில் வேறு டயர்கள் கிடைக்கவே மீண்டும் வயலுக்குத் திரும்பிற்று. இதனைப் படித்தபொழுது எமக்குத் திருவாரூர் ஆழித்தேர் நினைவுக்கு வந்தது. நெடுங்காலம் ஓடாது நின்ற அத்தேர் 1970இல் மீண்டும் வீதி கண்டதன்றோ? இன்று புல்டோசர்கள் பின்னின்று உந்த அது செல்கின்றது. கிறிஸ்தவராகிய யாம் தேர்வடம் பிடித்ததில்லை. ஆயினும் வைகாசித் திருநாளில் வரதர் தேர் வருங்கால் தெருவோரம் நின்று, சக்கரத்தின்கீழ்க் கட்டையிட்டு அப்பெருமலையைத் திருப்புவோர் கைத்திறனை வியந்ததுண்டு. தேர் நிலையிலேயே நின்றுவிடின் அக்கைத்திறன் எங்குச் சென்று வாழும்?

நிற்க. யாம் வரப்பில் வியந்துகொண்டிருக்க, டிராக்டரை ஓட்டிய முதியவர் உணவுக்காக அதனை ஏரிக்கரைச் சரிவில் கொண்டுவந்து நிறுத்தினார். பாட்டரி வலுவிழந்தமையால் எப்பொழுதும் மேட்டில் நிறுத்திச் சரிவில் உருட்டியே கிளப்புவாராம். இத்தகைய வண்டியைப் பொருட்காட்சிச்சாலைக்கு அளித்தால் பலரும் காண்பரே என்றோம். அவர் சிரித்து, “அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் யார் தம்பி இதற்கு டீசல் ஊற்றுவார்?” என்றார். பின்னர்த் தாமே கணக்கும் சொன்னார்: வண்டிக் கடன் தீர்ந்து பல்லாண்டாயிற்று, மணிக்கணக்கில் வரும் கூலியில் டீசலும் பழுதும் போக மிஞ்சுவது வீட்டுக்கு. புதிய வண்டியை ஓட்டுபவனுக்கோ தவணை ஓடுகின்றது.

அக்கணக்கு எம் வியப்பைச் சிறிது நாணச் செய்தது. அம்முதுபொறியை வாழ்விப்பது நம் பாராட்டன்று. அது இன்னும் ஒரு குடும்பத்துக்குச் சோறிடுகின்றது என்பதே. இதனைக் காஞ்சியில் பிறந்தார் மறத்தல் கூடாது. ஏனெனில் எம்மூரின் முதுபொறி டிராக்டரன்று, தறி. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் குழித்தறிமேல் அமர்ந்திருக்கும் ஜக்கார்டுப் பெட்டி, 1804இல் பிரெஞ்சு நாட்டு லியோன் நகரில் ஜக்கார்டு என்பார் அமைத்த முறையினது. துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் புரள, அதற்கேற்பப் பாவிழைகள் எழுந்து அன்னமும் கொடியும் ஆகின்றன. லியோன் நெசவாளர் அன்று அதனைப் பகையெனக் கருதினர். இன்று நாமோ அதனைப் பழமை என்று போற்றுகின்றோம்! கோர்வைச் சேலையாயின் மூன்று நாடாக்கள் வேண்டும். கரையை உடலோடு பிணைக்க இருவர் அமரவேண்டும். முன்னாளில் அவ்விரண்டாம் ஆளாகச் சிறுவரை இருத்தினர். அவ்வழக்கம் அருகியது நன்றே. தறியின் அழகைப் பேசுவார் அச்சிறுவர் இழந்த பள்ளியையும் சேர்த்தே பேசுக.

கைத்தறியைக் காப்பதற்கு 1985ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆயினும் சட்டம் குழியில் இறங்கி மிதியை மிதிப்பதில்லை. மிதிப்பவர்க்கு விசைத்தறி ஆளினும், அயலூர்த் தொழிற்சாலை ஆளினும் குறையாத கூலி வேண்டும். அதனைத் தாராது, ‘இக்கலை அழியலாமா?’ என்று மேடையில் உருகுவது, டீசல் ஊற்றாமல் டிராக்டரைப் புகழ்வதோடு ஒக்கும். தறியை விட்டுச் செல்லும் இளைஞனைக் குறை கூறும் உரிமை, சேலையின் விலையைப் பேரம் பேசிக் குறைத்த நமக்கு இல்லை.

எம் வகுப்பில் உடன் பயிலும் நண்பர் ஒருவர் நெசவாளர் மகனார். தாம் தறியில் அமரப்போவதில்லை என்று உறுதியாய்க் கூறுவார், யாம் மறுப்பதில்லை. ஆனால் தந்தையார் தறியில் அட்டை கோத்த கயிறு அறுந்தால் செய்தி அவர்க்குத்தான் வரும். ஊரில் அதனை வரிசை பிறழாது கோக்கவல்லார் சிலரே. திருமண மாதங்களில் அவர் இருமுறையேனும் ஊர் சென்று வருவார். விடுதி விடுப்புக் கடிதத்தில் ‘தறி பழுது’ என்று எழுத இயலாமையால், ‘காய்ச்சல்’ என்று எழுதிச் செல்கின்றார்.