எலி தின்ற வழக்கு!

மம்சாபுரத்து உழவன் அறுவடை நெல்லை மூட்டை கட்டி அடுக்குகிறான். எத்தனை மூட்டை என்று எண்ணி வைக்கிறான். அன்றிரவே எலிப்பொறியும் வைக்கிறான். ஏடறியாத ஏழைக்கும் தெரிந்த இந்தக் காவல், காவலையே தொழிலாகக் கொண்டோருக்குத் தெரியாமற் போயிற்று!

தோழர்களே! 2020 நவம்பரில் சென்னை மெரினா காவல் நிலையத்தார் இருவரைக் கைது செய்தனர். 22 கிலோ கஞ்சா பிடிபட்டது என்றனர். 20 கிலோவைத் தாண்டினால் அது வணிக அளவு. 10 முதல் 20 ஆண்டுவரை கடுங்காவல். எடைதான் தண்டனையின் அளவுகோல். அந்த எடை எங்கே என்று நீதிமன்றம் கேட்டது. 21.9 கிலோவை எலிகள் தின்றுவிட்டன என்றது காவல்துறை! 2023 சூலையில் இருவரும் விடுதலையாயினர். பிள்ளையாரின் வாகனத்துக்கு இப்படியொரு படையலை எந்தப் பக்தனும் இதுவரை வைத்ததில்லை!

எலியைக் கூண்டிலேற்ற நாம் ஆயத்தமாக இல்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 52-ஏ என்றொரு பிரிவு உண்டு. பிடிபட்ட பொருளை நடுவர் முன் வைத்துப் பட்டியலிடுக, படமெடுக்க, மாதிரி எடுக்க, அவர் சான்று பெறுக என்கிறது அது. அப்படிச் செய்தால் மீதியை அழித்துவிடலாம். பட்டியலும் படமும் மாதிரியுமே முதன்மைச் சான்றாக நிற்கும். அதை அன்றே முடித்திருந்தால் எலிக்கு மிஞ்சியிருப்பது சாம்பல்தான்!

எலியே நுழையாத வழக்கும் உண்டு. 2000ஆம் ஆண்டில் ஒரு லாரியில் 20 கிலோ ஹெராயின் பிடிபட்டதாக மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவு தொடுத்த வழக்கு அது. விசாரணை நீதிமன்றம் தண்டித்தது. சென்னை உயர்நீதிமன்றம் உறுதி செய்தது. 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றமோ, நடுவர் முன் மாதிரி எடுத்ததற்குச் சான்றில்லை என்று கூறி, மேல்முறையீடு செய்தவரை விடுவித்தது. இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து!

இந்தத் தவறு ஒன்றே விடுதலைக்குப் போதாது, மற்றச் சான்றுகளையும் பார்க்கவேண்டும் என்று 2025இல் அதே நீதிமன்றம் கூறியது. நன்று. ஆனால் எடையும் முத்திரையும் பதிவேடும் பழுதாகிவிட்டால், பார்ப்பதற்கு மிஞ்சுவது அதிகாரியின் வாய்ச்சொல் ஒன்றுதானே?

விடுதலையானவன் குற்றவாளியா? எனில் ஊரைக் கெடுக்க மீண்டும் வருவான். குற்றமற்றவனா? எனில் அவன் இழந்த ஆண்டுகளைத் திருப்பித் தருவார் யார்? இரண்டில் எது உண்மை என்று அறியும் வழியையே அடைத்துவிட்டது அலட்சியம். அதுவே பெருங்குற்றம்.

மம்சாபுரத்து இளைஞனே! சான்று கேட்பதுதான் பகுத்தறிவு. சாமியாரிடம் சான்று கேட்கும் நாம், சப்-இன்ஸ்பெக்டரிடம் கேட்கக் கூசுவதா? நாளை உன் ஊரில் ஒருவன் பிடிபட்டால், கைதட்டிக் கலைந்துவிடாதே. எடை போட்டீர்களா? முத்திரை எங்கே? நடுவர் முன் வைத்த நாள் எது? கேள்!

கேள்வி விழித்திருக்கும் ஊரில் எலிக்கு வேலை இல்லை!