குடிக்கச் செய்த ஒயின்

பாரிஸில் முப்பது ஆண்டுகள் உணவகச் சமையலறைகளில் உழைத்தவர் என் சித்தப்பா. ஓய்வு பெற்ற நாளில் முதலாளி அவர் கையில் ஒரு மரப்பெட்டியைக் கொடுத்தார். உள்ளே ஒரே ஒரு புட்டி: ஷத்தோ லஃபீத் ரோத்ஷில்ட், 1998ஆம் ஆண்டின் அறுவடை. விற்றால் ஒரு மாத வாடகையைக் கட்டிவிடலாம் என்று பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். சித்தப்பா கேட்கவில்லை. “குடிக்கத்தானே செய்து வைச்சவங்கள்? காசு தர நினைச்சிருந்தா அந்த மனிசன் காசையே தந்திருப்பார்” என்றார். மகளின் கல்யாணத்துக்கு மறுநாள் தக்கையைத் திருகி எடுத்தார். எட்டுப் பேருக்கு ஆளுக்கு அரைக் கிண்ணம் கிடைத்தது.

பிரான்சின் ஒயின் மண்டலமான போர்தோவின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று லஃபீத். அந்தப் பெயருக்கும் விலைக்கும் அது தகுதியானதா என்று அன்று முதல் யோசித்துவருகிறேன். என் முடிவு இதுதான்: பெயருக்குத் தகும், விலைக்குத் தகாது.

முதலில் பெயர். போர்தோ நகருக்கு வடக்கே, ஜிரோந்து முகத்துவாரத்தின் இடது கரையில் இருக்கிறது போயாக். அங்கே ஒரு சரளைக்கல் மேட்டில் நிற்கின்றன லஃபீத்தின் கொடிகள். மேடு என்று பொருள்படும் பழைய வட்டாரச் சொல்லிலிருந்தே அந்தப் பெயர் வந்தது என்கிறார்கள். மழைநீர் சரளையில் தங்காது. வேர் ஈரம் தேடி ஆழம் போகும். பகலில் சூடேறிய கல் இரவிலும் அந்தச் சூட்டை விடும். தாமதமாகப் பழுக்கும் கபர்னே சோவிஞோன் திராட்சைக்கு இதைவிட நல்ல மண் அரிது. அதன் தடித்த தோலிலிருந்து வரும் துவர்ப்பு இளம் ஒயினில் நாக்கைப் பிடித்து இழுக்கும். இருபது ஆண்டு இருட்டில் கிடந்தபின் அந்தத் துவர்ப்பே பட்டுப்போல் மெலிந்துவிடும். அன்று எங்கள் கிண்ணத்தில் இருந்தது அதுதான். பென்சில் சீவும்போது எழும் தேவதாரு வாசம், மழை நனைத்த மண், உலர்ந்த பழம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. விழுங்கிய பின்னும் நெடுநேரம் வாயில் நின்றது. உரக்கப் பேசாத ஒயின் அது.

இந்த மதிப்பு நேற்று வந்ததல்ல. 1855 பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் அரசு தரவரிசை கேட்டது. போர்தோவின் தரகர்கள் பட்டியல் தந்தார்கள். சிவப்பு ஒயின்களில் முதல் வரிசைக்கு நான்கே நான்கு தோட்டங்கள் தேறின: லஃபீத், மர்கோ, லத்தூர், ஓ-பிரியோன். அந்த முதல் வரிசையில் பின்னாளில் சேர்ந்தது ஒன்றே ஒன்று. 1973இல் மூத்தோன் ரோத்ஷில்ட் இரண்டாம் வரிசையிலிருந்து ஏறி வந்தது.

ஆனால் தரகர்கள் அந்தப் பட்டியலுக்காகப் புதிதாகச் சுவைத்துப் பார்க்கவில்லை. பல்லாண்டுகளாக எந்த ஒயின் என்ன விலைக்குப் போனது என்ற கணக்கைப் பார்த்தார்கள். அன்று விலை பெயரைத் தந்தது. இன்று பெயர் விலையைத் தருகிறது. நூற்றெழுபது ஆண்டுகளாக இந்தச் செக்கு சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2008ஆம் ஆண்டு லஃபீத்தே சாட்சி. அந்த ஒயின் பீப்பாயில் இருக்கும்போதே, 2009 வசந்தத்தில் முன்விற்பனைக்கு வந்துவிட்டது. 2010 அக்டோபரில், புட்டியின் கண்ணாடியில் சீன எழுத்தில் எட்டு என்ற எண் பொறிக்கப்படும் என்று லஃபீத் அறிவித்தது. சீனர்களுக்கு எட்டு ராசியான எண். உடனே விலை எகிறியது. உள்ளே இருந்த ஒயினில் ஒரு துளிகூட மாறவில்லை. மாறியது கண்ணாடி மட்டுமே. அதே மாதம் ஹாங்காங் ஏலத்தில் 1869ஆம் ஆண்டின் மூன்று லஃபீத் புட்டிகள் விற்றன. ஒவ்வொன்றும் 2,30,000 டாலருக்கு மேல். அடுத்த ஆண்டே சந்தை சரிந்தது. அப்போதும் ஒயின் மாறவில்லை.

அரிய பொருளுக்கு அரிய விலைதானே என்பார்கள். லஃபீத் தோட்டம் நூறு ஹெக்டேருக்கு மேல். ஆண்டுதோறும் அதன் முதல் ஒயின் மட்டும் ஒரு லட்சம் புட்டிகளைத் தாண்டுகிறது. கையால் பறித்து, பொறுக்கியெடுத்து, புதிய ஓக் பீப்பாயில் வளர்க்கும் செலவு என்பார்கள். அதே செலவைப் பக்கத்துத் தோட்டத்தார் பலரும் செய்கிறார்கள். அவர்கள் பல மடங்கு குறைத்துத்தான் விற்கிறார்கள்.

நம் நாக்கையும் முழுதாக நம்ப முடியாது. 1976இல் பாரிஸில் பிரெஞ்சு வல்லுநர்கள் பெயர் மறைத்துச் சுவைத்தபோது, சிவப்பு ஒயின்களில் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் முதலிடம் பெற்றது. மூத்தோன் இரண்டாவதாக வந்தது. அந்தப் போட்டியில் லஃபீத் இல்லை என்றாலும் பாடம் அதற்கும் உண்டு. 2008இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே ஒயினைப் பத்து டாலர் என்றும் தொண்ணூறு டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். தொண்ணூறு டாலர் என்றபோது, சுவைத்தவர்களின் மூளையில் இன்பத்தை உணரும் பகுதி சராசரியாகக் கூடுதலாக இயங்கியது. விலைச்சீட்டும் சேர்ந்துதான் நாவில் இறங்குகிறது.

எனக்கு வலிப்பது வேறொன்று. அதே போர்தோ மண்டலத்தில் சிறு விவசாயிகள் விளைவித்த ஒயினை வாங்க ஆளில்லை. 2023இல் ஹெக்டேருக்கு 6,000 யூரோ இழப்பீடு கொடுத்துக் கொடிகளைப் பிடுங்கும் திட்டத்தை அரசே அறிவித்தது. தலைமுறைகளாக வளர்த்த கொடியை வேரோடு பறிக்க அந்தப் பணம். இன்னொரு பக்கம், லஃபீத்தின் பெட்டிகள் வரி கட்டாமல் சரக்கு வைக்கும் கிடங்குகளின் குளிர் இருட்டில், திறக்கப்படாமலே ஒரு முதலீட்டாளரிடமிருந்து இன்னொருவருக்குக் கை மாறுகின்றன. குடிப்பதற்கென்று செய்ததைப் பங்குப் பத்திரமாக்கிவிட்டது அந்த விலை. செய்தவரின் உழைப்புக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை.

ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு யோசனை. லஃபீத்தின் பக்கத்திலேயே, அதன் உரிமையாளர் குடும்பமே 1962இல் வாங்கிய துயார்-மிலோன் தோட்டம் இருக்கிறது. 1855 பட்டியலில் நான்காம் வரிசை. விலையோ லஃபீத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. சுவையில் அந்த இடைவெளி இல்லவே இல்லை. ஒரு புட்டி வாங்கி, பத்து ஆண்டாவது பொறுத்திருந்து திறவுங்கள்.

அல்லது சித்தப்பாவைப்போல உங்களுக்கும் யாராவது ஒரு லஃபீத்தைப் பரிசளித்தால், தயவுசெய்து விற்காதீர்கள். வீட்டில் நல்லது நடக்கும் நாளில் எட்டுப் பேரை உட்காரவைத்துப் பகிர்ந்து குடியுங்கள். அந்த ஒயினுக்குரிய மரியாதை அதுதான்.