சூழலியலுக்குக் கணக்கு வேண்டாமா?

“கணக்கு வராது சார், ஆகவே சூழலியல் படிக்கப் போகிறேன்” என்று சொல்லும் மாணவர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். நான் இயற்பியல் ஆசிரியன். இருந்தாலும் இந்த எண்ணம் தவறானது என்று உங்களிடம் சொல்லியாக வேண்டும். ‘உணவுச் சங்கிலி என்றால் என்ன?’ என்று கேட்டு, மனப்பாடமாக விடை வாங்கும் வகுப்புகளே இதற்குக் காரணம் என்பது என் கருத்து. ஓர் ஏரியைக்கூடக் கண்ணால் பார்க்காமல் முழு மதிப்பெண் வாங்கிவிடலாமே!

புதுச்சேரிக்கு மேற்கே ஊசுடு ஏரி இருக்கிறது. அதன் நீரில் எவ்வளவு ஆக்ஸிஜன் கரைந்திருக்கிறது? இதை அறிய, ஹங்கேரி நாட்டு வேதியியலார் விங்க்ளர் 1888-இல் வகுத்த முறை இன்றும் பயன்படுகிறது. காற்றுக் குமிழ் புகாமல் குப்பியில் நீரைப் பிடித்து, மாங்கனீஸ் சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் விட்டால், பழுப்பு நிற வீழ்படிவு உண்டாகும். இதைக் கரையிலேயே செய்துவிட வேண்டும். தாமதித்தால் குப்பிக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் சுவாசித்து அளவையே மாற்றிவிடும்! பிறகு கல்லூரிக்கு வந்து அமிலம் சேர்த்து, வெளிப்படும் அயோடினை ஹைப்போ கரைசலால் தரம் பார்க்கலாம்.

30 டிகிரி செல்சியஸில், காற்றோடு சமநிலையில் உள்ள ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்ஸிஜன் இருக்கும். ஆனால் பாசி நிறைந்த நீரில் விடியற்காலையில் இதைவிடக் குறைவாகவும், பிற்பகலில் சில சமயம் கூடுதலாகவும் இருக்கக் காண்பீர்கள். ஏன்? பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்கிறது. இரவிலோ எல்லா உயிர்களும் சுவாசிக்க மட்டுமே செய்கின்றன. இந்த இரண்டு எண்களையும் தாமே கண்டுபிடித்த மாணவருக்கு அதற்குப் பிறகு நடத்தும் பாடம் இனிக்கும். பாடத்தை முதலில் நடத்திவிட்டுச் சோதனையைப் பின்னால் வைப்பது எனக்கு உடன்பாடில்லை.

வடக்கே புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குப் போனால் வேறொரு பாடம் கிடைக்கும். 10 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தைக் கயிற்றால் அமைத்து, உள்ளே உள்ள மரங்களை இனவாரியாக எண்ணுங்கள். (இலை கிள்ள வேண்டாம், எண்ணினால் போதும்.) அடுத்த சதுரத்தில் வேறு எண்ணிக்கை வரும். என் ஊசல் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் ஆடுகிறது. காடு அப்படியல்ல. அந்த வேறுபாடு பிழையன்று, அதுவே ஆராய வேண்டிய செய்தி. சராசரியும் புள்ளியியலும் தெரியாமல் அங்கே ஓரடி எடுத்து வைக்க முடியாது.

இந்த ஊர் மாணவர்கள் கொடுத்து வைத்தவர்கள். 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியத் தாவரப் பரவலைப் படமாக்கியிருக்கிறது. 1985-இல் தோன்றிய புதுவைப் பல்கலைக்கழகத்தில் சூழலியலுக்கென்றே ஒரு துறை உண்டு.

அறுபது பேரை ஏரிக்கு அழைத்துச் செல்லப் பேருந்துக்குப் பணம் ஏது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விளையாட்டுத் திடலின் புல்லில் ஒரு மீட்டர் சதுரம் போட நான்கு குச்சியும் கொஞ்சம் கயிறும் போதுமே! கல்லூரியில் சேரும்போது, “ஆண்டில் எத்தனை நாள் வெளியே அழைத்துச் செல்வீர்கள்?” என்று கேளுங்கள். அதுவரை காத்திராமல், நாளைக்கே உங்கள் பள்ளித் திடலில் பத்துச் சதுரங்கள் போட்டு எண்ணிப் பாருங்கள்.