முதலில் குழு, பிறகு காசு

ஆராய்ச்சி நிதி கேட்டு விண்ணப்பம் போடும் காலம் வந்துவிட்டால் பல துறைகளில் ஒரே காட்சிதான். கடைசித் தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது 'இணை ஆய்வாளர்' என்ற கட்டத்தை நிரப்ப ஆள் தேடுவார்கள். வெளியூரில் இருக்கும் ஒரு பிரபல பேராசிரியருக்கு போன் போகும். அவரும் பயோடேட்டாவை அனுப்பி வைப்பார். விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார். இதற்குப் பெயர் கூட்டு ஆராய்ச்சியாம்! கல்யாணப் பத்திரிகையில் சொந்தக்காரர்கள் பெயரை வரிசையாகப் போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கேட்டால், "பெரிய பெயர் இல்லாவிட்டால் பணம் வராது" என்பார்கள். சரி, பெரிய பெயர்கள் மட்டும் போதுமா? லைகோவின் கதையைப் பார்ப்போம்.

ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் அந்தத் திட்டத்தை 1980களில் நடத்தியவர்கள் எம்.ஐ.டி.யின் ரெய்னர் வைஸ், கால்டெக்கின் கிப் தோர்ன், ரொனால்ட் டிரெவர். மூன்று பேருமே மேதைகள். ஆனால் இறுதி முடிவு யாருடையது என்பது மட்டும் தீர்மானமாகவில்லை. மூவரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நகரும். அதனால் எதுவுமே நகரவில்லை! 1987ல் ரோகஸ் வோக்ட் தனி இயக்குநராக வந்த பிறகுதான் 1989ல் முழுமையான விண்ணப்பம் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளைக்குப் போனது. அடுத்த வருடமே அதன் வாரியம் ஒப்புதல் தந்தது.

அதோடு பிரச்சினை தீர்ந்ததா என்றால், இல்லை. 1992ல் டிரெவர் திட்டத்திலிருந்து விலக்கப்பட்டார். 1994ல் வோக்ட்டும் போய் பாரி பாரிஷ் பொறுப்பேற்றார். கருவியைக் கட்டி இயக்கும் லைகோ ஆய்வகம் ஒரு பக்கம், அதை வைத்து ஆராய்ச்சி செய்யும் பல நாட்டு விஞ்ஞானிகளின் கூட்டமைப்பு இன்னொரு பக்கம் என்று 1997ல் வேலை பிரிக்கப்பட்டது. 2015 செப்டம்பர் 14ல் அலை சிக்கியது. 2016ல் வந்த கட்டுரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள்! 2017ல் வைஸ், தோர்ன் ஆகியோரோடு நோபல் பரிசை வாங்கியவர், ஆரம்பத்தில் அந்த மூவரில் இல்லாத பாரிஷ்.

இந்தியாவின் பங்கும் இதையேதான் சொல்கிறது. சஞ்சீவ் துரந்தர் புனேயிலும் பாலா அய்யர் பெங்களூரிலும் பல வருடங்களாக இந்தத் துறையில் உழைத்தவர்கள். 2009ல் இண்டிகோ என்ற கூட்டமைப்பு உருவானது. லைகோ-இந்தியாவுக்குக் கொள்கை அளவில் ஒப்புதல் கிடைத்தது 2016ல். முழு ஒப்புதலும் சுமார் 2,600 கோடி ரூபாயும் 2023ல். காசு வரும் முன்பே குழு இருந்தது. விண்ணப்பத்துக்காக அவசரமாக ஒட்டவைத்த குழு அல்ல அது.

"எல்லாரும் லைகோ ஆகமுடியுமா? மூன்று வருட, முப்பது லட்ச ரூபாய் திட்டத்துக்கு இவ்வளவு எதற்கு?" என்று கேட்கலாம். சின்னத் திட்டத்துக்குத்தான் இது இன்னும் அவசியம். பெரிய திட்டம் தடுமாறினால் தூக்கி நிறுத்த ஆள் இருக்கிறது. சின்னத் திட்டத்தில் இரண்டு பேராசிரியர்கள் முறைத்துக்கொண்டால் நடுவில் மாட்டுவது ஆராய்ச்சி மாணவர்தான். கருவி ஓர் ஊரில், வழிகாட்டி இன்னோர் ஊரில். கட்டுரையில் யார் பெயர் முதலில் என்ற சண்டையில் அவருடைய ஃபெலோஷிப் காலமே முடிந்துவிடும்.

ஆகவே விண்ணப்பத்தில் பெயர் சேர்க்கும் முன் நாலு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வேண்டும். யார் என்ன வேலை செய்வார்? கருத்து வேறுபாடு வந்தால் இறுதி முடிவு யாருடையது? தரவு யாருக்குச் சொந்தம்? மாணவர் பெயர் கட்டுரையில் எங்கே வரும்? இதைப் பேசக் கூச்சப்படுகிறவர்கள் சேர்ந்து ஆராய்ச்சி செய்யப்போவதில்லை, சேர்ந்து கையெழுத்து மட்டுமே போடப்போகிறார்கள். அந்தக் கையெழுத்தின் விலையைக் கட்டப்போவது அவர்கள் அல்ல, ஆய்வகத்தில் ராத்திரி பதினோரு மணிக்கும் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருக்கும் மாணவர்.